செல்லாச்சியின் நிறை

நீங்கள் தைத்த பையை இன்று காலை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தேன். உங்கள் பழைய நீலச் சேலையை மடித்து, உள்ளே ஒரு துவாயை வைத்துத் தைத்த பை. கைப்பிடி அறுந்துவிடக் கூடாதென்று அந்த இடத்தில் மட்டும் செருப்புத் தைப்பவர் போலத் தையல் மேல் தையல் போட்டிருக்கிறீர்கள். விரித்தவுடன் பூனை மணம்தான் வந்தது. உங்கள் மணம் கொஞ்சமாவது இருக்குமா என்று மூக்கை வைத்துப் பார்த்தேன், இல்லை. இது உங்கள் சேலை என்று இப்போது யாராவது சொன்னால் நம் பூனை செல்லாச்சி சண்டைக்கு வருவாள்.

இன்று மாதக் கடைசிச் சனிக்கிழமை, அவளை நிறுக்கும் நாள். உண்மையைச் சொன்னால் இந்த மாதம் அவளைத் தூக்கிக்கொண்டு போக எனக்கு மனமே வரவில்லை. சில நாட்களாகச் சாப்பாட்டுக் கோப்பையை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறாள். அடுப்படியை விட்டுக் கட்டிலுக்குக் கீழே, சுவரோரமாகப் போய்ப் படுக்கிறாள். நீங்கள் இருந்திருந்தால் எது செய்ய வேண்டுமோ அதை இந்நேரம் செய்து முடித்திருப்பீர்கள். நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் குசினிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

ராகலைக்கு மேலே இருக்கிற இந்தத் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு நாம் இருவரும் ஒரே வருடத்தில் வந்தோம். நான் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் லய வீடொன்றில் பிறந்தவள். நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு சூட்கேசும் ஒரு பொதி பனை ஒடியல் மாவுமாக வந்து இறங்கினீர்கள். ஒரே குவார்ட்டர்ஸில் ஆளுக்கொரு அறை, இருவருக்கும் பொதுவாகச் சமைக்க ஒரு குசினி. நீங்கள் கணக்கு, நான் தமிழ். ஒரு செய்தியைச் சொல்வதற்கு முன் நான் அதற்கு ஸ்வெட்டர் போட்டு, சால்வை போர்த்தித்தான் வெளியே அனுப்புவேன். நீங்கள் அதை அப்படியே குளிரில் தள்ளிவிடுவீர்கள். முதல் வருடம் அதற்காக உங்களோடு எத்தனை முறை கோபித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

விறகு அடுக்கிலிருந்து கத்திக்கொண்டு வந்த குட்டிக்குச் செல்லாச்சி என்று பெயர் வைத்ததும் நீங்கள்தான். ஊரில் உங்களுக்குப் பிடித்த ஒரு வயதான அம்மாவின் பெயராம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் குட்டி அந்தப் பெயருக்கேற்ற வயதுக்கு வரும் என்று நாம் யாரும் நினைக்கவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் அவள் ஜன்னல் திட்டுக்குத் தாவுவதை நிறுத்தினாள். பின்னங்கால்களை விறைப்பாக வைத்து நடந்தாள். வயது போனால் அப்படித்தானே என்று நான் சொன்னேன். நீங்கள் ஏற்கவில்லை. வயது போனால் நோகும், நொந்தால் பார்க்க வேண்டும் என்றீர்கள்.

அப்போதுதான் அந்தத் தைலப் பிழை நடந்தது. இந்த மலையில் தடிமனுக்கும் முழங்கால் வலிக்கும் நாங்கள் எல்லாரும் தேய்ப்பது யூகலிப்டஸ் தைலத்தைத்தான். நீங்களும் வந்த புதிதிலேயே அதைப் பழகிக்கொண்டு, எங்களை விட அதிகமாகவே பூசிக்கொண்டு திரிந்தீர்கள். மனிதர் காலுக்குச் சுகம் தருவது பூனைக் காலுக்கும் தரும் என்று நினைத்து, செல்லாச்சியை மடியில் போட்டு, இரண்டு கால்களுக்கும் தடவிவிட்டீர்கள். பூனை தன் உடம்பில் எது பட்டாலும் நக்கத்தானே செய்யும். தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அவள் வாயிலிருந்து எச்சில் ஒழுக ஆரம்பித்துவிட்டது. நிற்கப் பார்த்தாள், கால் பின்னியது.

நான் அழுதுகொண்டு நின்றேன். நீங்கள் அழவில்லை. இளஞ்சுடு தண்ணீரில் அவளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துவாயில் சுற்றி, மரக்கறிக் கூடையில் வைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள். நுவரெலியா போகும் வரை பஸ்ஸில் தைல மணம். யாருக்குத் தடிமன் என்று முன்சீட்டு ஆள் விசாரித்தார்.

மிருக வைத்தியர் ஒரு பெண், சிங்களத்தில்தான் பேசினார். உங்கள் சிங்களம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமானது, ஆகவே நான்தான் நடுவில். என்ன நடந்தது என்று அந்தப் பெண் கேட்டபோது, வீட்டில் யாரோ தெரியாமல் எதையோ தடவிவிட்டதாகச் சொல்லத் தொடங்கினேன். உங்களுக்கு அவ்வளவு சிங்களம் விளங்கும் என்று எனக்குத் தெரியாது. என் கையைப் பிடித்தீர்கள்.

"யாரோ இல்லை, நான்தான் தடவினனான். அதை முதல்ல சொல்லும். அவவுக்குச் சரியாத் தெரிஞ்சாத்தானே சரியான மருந்து குடுப்பா."

செல்லாச்சி பிழைத்தாள். வேறொரு டீச்சராக இருந்தால் அந்தக் கதை குவார்ட்டர்ஸ் கதவைத் தாண்டியிருக்காது. நீங்கள் மறுநாளே லயத்துக்கு லயம் போய், பூனை வளர்க்கிற வீட்டிலெல்லாம் உங்கள் பிழையை நீங்களே சொன்னீர்கள். தைலம் தடவாதேங்கோ, காய்ச்சலுக்கு மனிசர் போடுற பனடோல் குளிசையும் குடுக்காதேங்கோ, அது பூனையைக் கொண்டுபோடும் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னீர்கள். சிரித்தவர்களும் இருந்தார்கள். உங்களுக்கு அது உறைக்கவே இல்லை. உங்களை நான் உண்மையாக மதிக்கத் தொடங்கியது அந்த நாளில்தான். அதற்கு முன் பிடிக்கும், அவ்வளவுதான்.

வைத்தியர் இரத்தம் எடுத்துப் பார்த்து, கால் மூட்டு மட்டுமல்ல, சிறுநீரகமும் களைத்துவிட்டது என்றார். நோயை மாற்ற முடியாது, அவளை வசதியாக வைத்திருக்கலாம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் வீட்டையே மாற்றினீர்கள். பழைய தேயிலைப் பெட்டியை அறுத்து ஜன்னலுக்குப் படி கட்டினீர்கள். அவள் ஒதுங்கும் மரத்தூள் தட்டின் ஒரு பக்க விளிம்பை, காலைத் தூக்காமல் உள்ளே போகும்படி வெட்டினீர்கள். தண்ணீர்க் கோப்பை அறைக்கு அறை வைத்தீர்கள், நான் ஒன்றில்லாவிட்டால் இன்னொன்றில் கால் வைத்துத் தட்டிவிடுவேன். முதுகை நக்க அவளுக்கு உடம்பு வளையவில்லை என்று தினமும் சீப்பால் வாரினீர்கள். தானாகத் தேயாத நகம் பாதத்துக்குள் வளைந்து குத்தும் என்று அதையும் வெட்டிவிட்டீர்கள். குளிர் நாளில் சுடுதண்ணீர்ப் போத்தலைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டு அவள் பக்கத்தில் வைப்பீர்கள். அதே குளிரில் உங்கள் காலில் காலுறை இருக்காது.

கருவாட்டை மட்டும் சொல்லாமல் விட முடியாது. உப்பு ஆகாது என்று வைத்தியர் சொன்னதும் அவளுடைய கருவாட்டுச் சோறு நின்றது. அவள் மோந்துவிட்டு ஏங்குகிறாள் என்று வீட்டில் கருவாடு சமைப்பதையே நீங்கள் நிறுத்தினீர்கள். கருவாட்டுக் குழம்பு இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடத் தெரியாத நீங்கள்! உப்பில்லாமல் அவித்த மீனும் அந்தத் தண்ணீரும் அவளுக்கு, பருப்பும் கீரையும் நமக்கு. நான் முணுமுணுத்தபோது, ராகலை டவுனில் சாப்பாட்டுக் கடை இருக்கிறது, போய்ச் சாப்பிட்டு வாரும், வாயைக் கழுவிவிட்டு உள்ளே வாரும் என்றீர்கள்.

மாதா மாதம் நிறை பார்க்கச் சொல்லியிருந்தார் வைத்தியர். நிறை குறைந்தால் நோய் கூடுகிறது என்று அர்த்தம். இந்த மலையில் தராசு எங்கே இருக்கிறது? கொழுந்து மடுவத்தில். மலையிலிருந்து பெண்கள் பறித்து வரும் தேயிலைக் கொழுந்தைக் கணக்கப்பிள்ளை நிறுக்கிற அந்தத் தராசில், கொழுந்துப் பைகளுக்கு நடுவே ஒரு பூனையைக் கொண்டுபோய்த் தொங்கவிட உங்களுக்கு மட்டும்தான் தோன்றும். பைக்கும் ஈரத்துக்கும் என்று கொழுந்தின் நிறையில் கழிப்பார்கள், அதில்தான் கணக்கப்பிள்ளைக்கும் பெண்களுக்கும் தினம் வாய்ச்சண்டை. முதல் நாள் வரிசையிலிருந்த ஒரு அக்கா, "எங்க கொழுந்துல கழிக்கிற மாதிரி டீச்சரம்மா பூனையிலயும் கழிச்சிப்புடாதீங்கய்யா" என்றதும் மடுவமே சிரித்தது.

நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் அவர் நிறையைச் சொன்னதும், பையைக் கழித்ததா கழிக்காததா என்று கேட்டீர்கள். கழிக்கவில்லை என்றார். வெறும் பையைத் தனியாக நிறுக்கச் செய்து, "பையைக் கழிச்சுச் சொல்லுங்கோ" என்றீர்கள். வரும் வழியில் ஒரு வளைவில் நின்று, செல்லாச்சியின் காதுக்குள் குனிந்து, வகுப்பில் பரீட்சைப் புள்ளி சொல்கிற குரலில், உண்மையான நிறையைச் சொன்னீர்கள். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் அப்படித்தான். கூடினாலும் சொன்னீர்கள், குறைந்தாலும் சொன்னீர்கள்.

பிறகு உங்கள் வயிற்று வலி வந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் டொக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிங்களத்தில் பேசினார். நான் தமிழாக்கத் தொடங்கினேன். கொஞ்சம் கட்டி மாதிரி, பயப்பட ஒன்றுமில்லை, மருந்து இருக்கிறது என்று வாயில் வந்ததைக் கோர்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், உதட்டில் லேசான சிரிப்பு.

"பையைக் கழிச்சுச் சொல்லும்" என்றீர்கள்.

சொன்னேன். இனி மாறாது என்பது வரை எல்லாம் சொன்னேன். வாழ்க்கையில் நான் செய்த மிகக் கஷ்டமான மொழிபெயர்ப்பு அது. நீங்கள் தலையாட்டிக் கேட்டீர்கள். பஸ்ஸில் ஏறியதும் பேசியது செல்லாச்சியைப் பற்றி. அவளை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக முடியாது, இந்தக் குளிரில் பழகியவள், நான்தான் பார்க்க வேண்டும். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னீர்கள்:

"அவள் சுகமா இருக்கிற வரைக்கும் எல்லாம் செய்யும். நோகத் தொடங்கினால் என்னை நினைச்சு இழுத்து வைச்சிருக்காதையும்."

உங்கள் தம்பி வந்து உங்களை ஊருக்கு அழைத்துப் போனார். அங்கேதான் கண்ணை மூடினீர்கள். அதற்குப் பிறகு செல்லாச்சியைத் தொடும்போதெல்லாம் உங்கள் கையைப் பிடித்திருப்பது போல ஒரு ஆறுதல் எனக்கு. அவளும் போனால் இந்தக் குவார்ட்டர்ஸில் உங்களை அறிந்த உயிர் நான் மட்டும்தான். இந்தப் பயத்தைத்தான் இன்று காலை பையோடு சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன்.

கடைசியில் போனேன். பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். உங்களுக்குப் பிறகு என்னோடு யாரும் பூனைப் பகிடி விடுவதில்லை. கணக்கப்பிள்ளை பையைக் கொக்கியில் மாட்டினார். தராசைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் வயதாகிவிட்டது.

"போன மாசம் இருந்த மாதிரியேதாங்க இருக்கு டீச்சரம்மா."

எவ்வளவு நல்ல மனுஷன். அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். அதை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு மாதம் கட்டிலுக்குக் கீழே கோப்பையைத் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கலாம். ஆனால் தூக்கி வந்தது என் கை. கைக்குத் தெரியும்.

"பைய கழிச்சி சொல்லுங்கய்யா" என்றேன்.

அவர் தராசை இன்னொரு முறை பார்த்தார். பிறகு மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, குறைந்துபோன நிறையைச் சொன்னார்.

மடுவத்து வாசலில் நின்றே வைத்தியருக்குப் போன் பண்ணினேன். சிங்களத்தில், எதையும் போர்த்தாமல், அவள் சாப்பிடுவதில்லை, ஒளிந்து படுக்கிறாள், நிறை இவ்வளவுதான் என்று சொன்னேன். மேசையில் போட்டுப் பயமுறுத்த வேண்டாம், நாளைக்கு நானே வீட்டுக்கு வருகிறேன், நோகாமல் அனுப்பி வைக்கிற ஊசியை உங்கள் மடியில் வைத்தே போடுகிறேன் என்றார் அந்தப் பெண். உங்களை இன்னும் நினைவு வைத்திருக்கிறார். அந்தத் தைல டீச்சரின் பூனையா என்றுதான் கேட்டார்.

திரும்பி வரும்போது அவளைப் பையில் போடவில்லை. ஸ்வெட்டருக்குள் விட்டு நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். பாதி வழியில், எப்போதும் நீங்கள் நிற்கும் வளைவில் நின்று, அவள் காதுக்குள் குனிந்து நிறையைச் சொன்னேன், பையைக் கழித்து. கூட்டாமல் குறைக்காமல் சரியாகச் சொன்னேன். அவள் காதை ஒருமுறை அசைத்துவிட்டு, என் கழுத்துக்குக் கீழே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.