சும்மா இருக்க ஒரு பயணம்

11 மார்ச் 1997, செவ்வாய்

உதடு இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. அலுமாரிக் கதவு இடித்தது என்று தொழிற்சாலையில் சொன்னேன். இந்த வருசத்தில் அலுமாரி இடிப்பது இது மூன்றாவது தரம். வேறு பொய் யோசிக்க எங்கே நேரம்? மணிக்கு இருபத்தெட்டுச் சட்டைக் கொலர் தைக்கவேண்டும்.

சட்டைகளை அயன் பண்ணும் அசுந்தா உதட்டைப் பார்த்தார். ஐம்பத்தெட்டு வயது இத்தாலிக்காரி, வாய் ஓயாதவர். சாப்பாட்டு நேரத்தில் ஒரு படத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். இத்தாலியில் மலைப்பக்கம், அவருடைய அண்ணன் கொர்ராதோவின் பண்ணை. மரத்துக்குக் கீழே நீட்டு மேசை, பத்துப் பேர். ஒருவர் முகத்திலும் அவசரம் இல்லை. ஒரு மணிக்குச் சாப்பிட இருந்தால் நாலு மணிக்குத்தான் எழும்புவார்களாம். பிறகு நித்திரையாம். ஜெர்மன்காரர் காசு கொடுத்து வந்து, ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுப் போகிறார்களாம்.

"ஓகஸ்டிலை நான் போறன். ரெண்டு கிழமை. நீயும் வா, அஞ்ஜெலா."

ஏஞ்சலா என்ற என் பேரை அவர் அப்படித்தான் சொல்லுவார்.

12 மார்ச்

மூன்று மணித்தியாலம் இருந்து என்னத்தைச் சாப்பிடுவார்கள்? நான் கலியாணம் கட்டிப் பதினொரு வருசமாகக் குசினியில் நின்றபடி சாப்பிடுகிறேன்.

30 மார்ச், உயிர்த்த ஞாயிறு

தமிழ்ப் பூசையில் பேனாட்தான் வாசகம் வாசித்தார். நல்ல குரல் என் மனுசனுக்கு. "நீர் குடுத்து வைச்சனீர், ஏஞ்சலா" என்றார் இவருடைய சிநேகிதர் கஸ்பர் அண்ணையின் மனைவி. பேனாட் கொடுக்கிறார், நான் வாங்குகிறேன், அதுதான் உண்மை. காரில் ஏறிக் கதவு சாத்தியதும் பின்மண்டையில் ஒன்று விழுந்தது. பூசைக்குள் நான் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேனாம்.

அந்தப் படத்தில் எனக்கு என்ன பிடித்தது என்று இப்போதுதான் விளங்குகிறது. மேசையும் இல்லை, மரமும் இல்லை. அங்கே ஒரு பிழை நடந்தால் ஒருவர் திரும்பிப் பார்க்கவே ஐந்து நிமிசம் பிடிக்கும் போல. இவருடைய கை அப்படியில்லை. என்ன பிழை என்று நான் யோசிக்க முதலே வந்துவிடும்.

19 ஏப்ரல், சனி

இத்தாலிக்குப் போகவா என்று இவரிடம் கேட்டுவிட்டேன். காலைத் தேத்தண்ணியோடு, முகம் பார்த்து.

"அங்கை ஆர் இருக்கினம் உனக்கு?"

"ஒருத்தருமில்லை."

"பிறகு போய் என்ன செய்யப்போறாய்?"

"ஒண்டுமில்லை. சும்மா இருக்கப்போறன்."

சிரித்தார். "சும்மா இருக்க ஆரடி பிளேன் ஏறுறது?"

நியாயமான கேள்விதான். எங்கள் ஆட்கள் பிளேன் ஏறினால் கலியாணம், செத்தவீடு, யாத்திரை, இல்லாவிட்டால் அகதி. நானும் சிரித்தேன். அதுதான் பிழை. தேத்தண்ணி முகத்துக்கு வந்தது. காது பொரிந்துபோனது. பிறகு தலைமயிரில் பிடித்துச் சுவரில் — இரண்டு தரம். "வாயைப் பொத்திக்கொண்டு சும்மா இரு" என்றான்.

என்றான் என்று எழுதிவிட்டேன். வெட்டமாட்டேன்.

6 மே, செவ்வாய்

பிளேன் ரிக்கற் போட்டாச்சு. ஓகஸ்ட் 2. அசுந்தாவின் ஆட்களுடைய ஏஜென்சியில் போட்டேன். தமிழ்க் கடையில் போட்டிருந்தால் நான் மல்வேர்ன் பஸ்சில் வந்து வீட்டடியில் இறங்க முதலே அவனுக்குத் தெரிந்திருக்கும். பாஸ்போட் தொழிற்சாலையில் அசுந்தாவின் லொக்கரில்.

திரும்பி வருவேனா என்று அசுந்தா கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை.

17 ஜூன்

மெதுவாகச் சாப்பிட அசுந்தா எனக்குப் பயிற்சி தருகிறார். அரைமணி இடைவேளையில் ஒரு பீச் பழம். கத்தியால் தோல் சீவி, துண்டு துண்டாக. நான் நாலு கடியில் முடித்துவிடுகிறேன். "ஆரும் பறிக்கேல்லை, அஞ்ஜெலா" என்கிறார்.

இன்னும் நாற்பத்தாறு நாள்.

16 ஜூலை, புதன் — அசுந்தாவின் வீடு

இடது கையில் கட்டு. வலது கையால் எழுத முடிகிறது. ஒழுங்காக எழுதவேண்டும்.

சனி காலை பத்து மணி. ரிக்கற் வந்துவிட்டது என்று சொல்ல ஏஜென்சிப் பெட்டை வீட்டுக்குப் போன் எடுத்திருக்கிறாள். எடுத்தது அவன். நான் தோசை சுட்டுக்கொண்டு நின்றேன். போனை வைத்துவிட்டு நேரே குசினிக்கு வந்தான். என் இடது கையைப் பிடித்து அலுமாரிக்குள் வைத்துக் கதவை அடித்துச் சாத்தினான். இந்த முறை உண்மையாகவே அலுமாரிக் கதவு. இரண்டு விரல். முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மற்றக் கையையும் கொண்டா என்றான்.

மற்றக் கையில் தோசைக்கல் இருந்தது.

முதல் அடி நெத்தியிலை. விழுந்திட்டான். ரத்தம் கண்ணுக்குள்ளை ஓட, ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். அதோடை விட்டிருக்கலாம். விடேல்லை. ரெண்டாவது தோளிலை. மூண்டாவது — அவன் அழுதான். எனக்கு நல்லாயிருந்தது. ஆண்டவரே, நல்லாயிருந்தது. பதினொரு வருசத்திலை ஒருநாளும் எனக்கு அப்பிடி நல்லாயிருக்கேல்லை. உந்த ருசிக்குத்தானோ உவனும் அடிச்சவன்?

பொலிசுக்கு நான்தான் போன் எடுத்தேன். அவனை ஸ்ட்ரெச்சரிலும் என்னை விலங்கிலும் கொண்டுபோனார்கள். விரல்களைப் பார்த்தபிறகு அவன்மேலும் வழக்கு.

நேற்றுக் கோட்டில் பிணை கிடைத்தது. அசுந்தா பூசைக்குப் போகிற கறுப்புச் சட்டையோடு வந்து பிணை நின்றார். நான் அவர் வீட்டில் இருக்கவேண்டும். பாஸ்போட்டை ஒப்படைக்கவேண்டும். வழக்கு முடியுமட்டும் ஒன்ராறியோ மாகாணத்தை விட்டுப் போகக்கூடாது. கடைசியாக ஜட்ஜ் நீளமாக ஏதோ சொன்னார். மொழிபெயர்க்க நின்ற அருள்நாயகம் அங்கிள் தொண்டையைச் செருமினார்.

"ஒரு குழப்படியும் செய்யாமல் நீர் சும்மா இருக்கவேணுமாம், பிள்ளை."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. என்ன சிரிப்பு என்று ஜட்ஜ் கேட்க, அங்கிள் விளங்காமல் என்னைப் பார்த்தார். சும்மா இருக்கத்தானே அங்கிள் நான் முதலிலேயே கேட்டனான்.

27 ஜூலை, ஞாயிறு

கஸ்பர் அண்ணை போன் எடுத்தார். "கட்டின மனுசனுக்கு இப்பிடிச் செய்யலாமோ?" பதினொரு வருசத்தில் அவர் எனக்கு எடுத்த முதல் போன்.

2 ஓகஸ்ட், சனி

பிளேன் போய்விட்டது. அசுந்தாவும் போகவில்லை. பிணை நின்றவர் என்னைத் தனிய விட்டுவிட்டுப் போகக்கூடாதாம். அவர் அண்ணனைக் கண்டு ஒன்பது வருசம்.

முதல் அடிக்கு நியாயம் சொல்லலாம், மற்ற இரண்டுக்கும்தான் வழக்கு என்கிறார் லோயர். அப்ப அசுந்தா போகாமல் நிண்டது என்னாலைதான். என்ரை கையாலைதான். அசுந்தா தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கிறார். ஒரு சொல் சொல்லி ஏசினாலும் பரவாயில்லை, ஏசுகிறாரில்லை.

24 ஓகஸ்ட், ஞாயிறு

இன்றைக்குக் கராஜுக்குள் சாப்பாடு. அசுந்தா இருக்கிற டவுன்ஸ்வியூவில் இந்த ஆட்கள் கோடையில் காரை வெளியே விட்டுவிட்டுக் கராஜில் மேசை போடுகிறார்கள். அசுந்தா, அவருடைய மனுசன் நிக்கோலா, நான். ஒரு மணிக்கு இருந்தோம்.

மூன்று மணிபோல, கதை நடுவில், ஒரு குளவியைக் கலைக்க நிக்கோலா கையை ஓங்கினார். அவ்வளவுதான். பார்த்தால் நான் எழும்பி நிற்கிறேன், கதிரை விழுந்து கிடக்கிறது, பாண் வெட்டும் கத்தி என் கையில், அதன் முனை கிழவரின் கழுத்துக்கு நேரே. எப்போது எடுத்தேன்? எனக்குத் தெரியாது.

நிக்கோலா ஓங்கிய கையை மெல்ல இறக்கி மேசையில் வைத்தார். அசுந்தா பாணை என் பக்கம் தள்ளினார்.

"எடுத்தனிதானே. வெட்டு."

கட்டுப்போட்ட விரல்களால் பாணை அழுத்திப் பிடித்து வெட்டினேன். முதல் துண்டு ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. நிக்கோலா அதை எடுத்து எண்ணெயில் தோய்த்துத் தின்றார். இன்னொன்று தா என்று கையை நீட்டினார். நான் கதிரையை நிமிர்த்தி இருந்து, ஆறுதலாக வெட்டிக் கொடுத்தேன். நாலரைக்குத்தான் எழும்பினோம்.