உன் அத்தை குழாயை மடக்கிப் பிடித்தாள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்திகளும் காய்ச்சல் தலைவலி எதுவும் அண்டாமல் இருக்கவேண்டும். நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், உன் அத்தையைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு வைக்க ஆரம்பித்ததிலிருந்து வாயெல்லாம் வெந்து புண்ணாகி எச்சில்கூட இறங்கவில்லை, குரலும் போய்விட்டது, மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டிருக்கிறார்கள். சத்துப் பவுடரைக் கட்டியில்லாமல் கரைத்து, அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, பெரிய சிரிஞ்சில் மெல்ல ஊற்றவேண்டும், முன்னும் பின்னும் தண்ணீர் விடாவிட்டால் அடைத்துக்கொள்ளும். வீட்டுக்குப் போனால் நான்தானே செய்யவேண்டும் என்று நர்ஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

ஆனால் நான் கிட்டே போனாலே உன் அத்தை குழாயை மடக்கி இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். காலமெல்லாம் கத்தரி பிடித்துத் துணி வெட்டிய கை, பிரிக்க முடியுமா. நான் கல்யாணமாகி வந்த மறுநாள் சமைத்ததை முகர்ந்து பார்த்துவிட்டு நாய்க்கு வைத்தவள், நாய்கூட யோசிக்குது பாருண்ணா என்று உன் அப்பாவிடம் சொன்னவள், அன்றைக்கு அவள் கட்டியிருந்த பச்சைச் சேலையின் கரை வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. அன்றிலிருந்து நம் வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது உனக்கே தெரியும். இன்னும் எடை குறைந்தால் உடம்பு தாங்காது, கதிரை நிறுத்தவேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார், நிறுத்தினால் கட்டி சும்மா இருக்குமா.

நேற்று எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. நான் என்ன விஷமா ஊத்தப்போறேன், ஊத்துறவளா இருந்தா நீ நல்லா முழுங்கின காலத்துலயே ஊத்தியிருக்க மாட்டேனாடி என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள், உன் அத்தையும் தோள் குலுங்கச் சிரித்தாள், சத்தமே வரவில்லை. பிறகு கிண்ணத்தை இழுத்து முகர்ந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு குழாயை விட்டாள். ஊற்றி முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதையும் மறக்கவில்லை, அவளும் மறந்திருக்கமாட்டாள், ஆனால் அந்தக் கழுத்தெலும்பைப் பார்த்தால் சண்டை போட மனசு வரவில்லையடி. இன்றும் மடக்காமல் வாங்கிக்கொண்டாள். குரல் திரும்புமா என்று டாக்டரிடம் கேட்டேன், முதலில் எடை ஏறட்டும் என்று பேச்சை மாற்றிவிட்டார்.

நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீண்டநாள் நன்றாக இருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே. நீ போன் செய்தால் அவள் காதில் வைக்கிறேன், எப்படி இருக்கீங்க அத்தைன்னு கேட்டுவிட்டுச் சும்மா இருக்காதே. போனமுறை அப்படிக் கேட்டாய், பதில் சொல்லத் திறந்த வாயை நீ போனை வைத்தபிறகும் அவள் மூடவில்லை. நீயே பேசு, பிள்ளைகள் சண்டையோ கடைக்குப் போன கதையோ, நிறுத்தாமல் பேசிக்கொண்டே இரு.

இப்படிக்கு
உன் அம்மா