குயவன் சக்கரத்தில் சுழன்ற ஐந்து ஓலை

நலம் பெருகுக. கழிமுகத் துறைகளுக்கும் நெல்விளை கழனிகளுக்கும் உரிமை பூண்ட வெண்கழி நாட்டுப் பட்டத்தரசியும் குன்றூர் மன்னர் சேந்தன்காரியாரின் தங்கையுமாகிய அல்லியங்கோதை தேவியார் திருமுன்பு, பாசறையினின்று அமைச்சன் விடங்கன் மாறாயன் பணிந்து விடுக்கும் ஓலை. தேவியாரின் நகரில் மழையும் மங்கலமும் தங்குக.

எல்லையாற்று அணையின் பொருட்டுத் தங்கள் கணவர் மதிவல்லரும் தமையனாரும் பத்து நாளாய் எதிரெதிர்க் கரைகளில் படையோடு நிற்பதைத் தேவியார் அறிவீர்கள். வெல்பவர் எவராயினும் அழப்போவது தாங்களே என்பது அடியேன் நெஞ்சை அறுத்தது. இருவர்க்கும் போரில் மனமில்லை என்று எனக்குத் தோன்றிற்று. ஆயினும் சமாதானம் என்று முதலில் வாய்திறப்பதைவிட உயிரை விடுவதே மேல் என்று, தூதனாய்ச் சென்ற என்னிடம் இருவரும் தனித்தனியே அருளிச்செய்தனர். இந்த வீம்பை வைத்துக்கொண்டு ஓர் அமைச்சன் என்னதான் செய்வது!

ஆகவே ஆற்றிடைத் திட்டில் ஒரு குயவன் சக்கரத்தை நிறுவி, ஒவ்வொருவர்க்கும் பூ வரைந்த ஓலை ஒன்றும் வெற்றோலை ஒன்றும் தந்து, பொதுவாய் ஒரு பூ ஓலையைச் சக்கரத்தின் விளிம்பில் கவிழ்த்து வைத்தேன். இருவரும் அதன் இருபுறமும் நின்று, சமாதானம் வேண்டுவோர் தம் பூ ஓலையை அதன் அருகிலும் வெற்றோலையை அப்பாலும், போர் வேண்டுவோர் மாற்றியும் வட்டமாய்க் கவிழ்த்து வைக்க வேண்டும். பின் கண்ணை மூடிச் சுழற்றி, நின்றபின் புரட்டினால், இருவரும் இணங்கியிருந்தாலன்றி மூன்று பூவும் சேர்ந்து நில்லா. மறுத்தவர் ஒருவராயினும் இருவராயினும் தோற்றம் ஒன்றே. ஆதலின் இணங்கியவர் மனம் மறுத்தவர்க்குத் தெரியவே தெரியாது.

ஆயின் ஓலை எழுதும் நம் எழுத்தன் கெடுத்தான். சந்தனம் தடவாத ஓலை நம் அரசர் கை சேர்வதில்லை அன்றோ! அவ்வழக்கப்படியே நம்மவர் ஓலைகளில் மட்டும் பூசிவிட்டான். புரட்டுமுன்னே எது எவருடையதென மூக்கே சொல்லிவிடும். தமையனார் இது வஞ்சகம் என்று வாளில் கைவைத்தார். அடியேன் பிழையைத் தலைமேல் ஏற்று, ஐந்தையும் புரட்டாமலே தீயிலிட்டு, அவர் கண்முன்னே ஒரே பனையோலையில் ஐந்தும் நறுக்கி, மூன்றில் பூ வரைந்தேன்.

மறுபடி வைத்தனர். மூவரும் மாறிமாறிச் சுழற்றினோம். ஒவ்வொன்றாய்ப் புரட்டினேன், தேவி. மூன்று பூவும் சேர்ந்தே நின்றன!  தங்கள் கணவர் சிரித்துவிட்டார், தமையனார் அவரைத் தழுவிக்கொண்டார்.

அணைநீர் இரு நாட்டுக்கும் பாதிப்பாதி எனத் தீர்ந்தது. எவர் முன்னே செல்வது என்று புதுவழக்கு எழுந்தமையால், இருவரும் ஒரே யானைமேல் நாளைக் காலை நகர் புகுவர். தாங்கள் பத்து நாளாய்க் கஞ்சியும் தொடவில்லை என்று தோழியர் சொல்லியனுப்பியதைக் கேட்டு இருவரும் கண்கலங்கினர். இவ்வோலையில் எவர் முத்திரை முதலில் படுவது என்றும் வழக்காடியதால், இரு கணையாழியையும் இரு கையில் பிடித்து ஒரே நொடியில் அழுத்தினேன். இருவேந்தரும் சேர்ந்து இடும் முதல் ஆணை இது: ஓலை கண்டதும் தேவியார் வயிறார உண்க.