பிக்கப்பின் மஞ்சள் லைட்

அக்டோபர் 4, சனி

ஆயுத பூஜை முடிந்து மூன்று நாளாக ஒரே கதை. பூஜைக்கென்று எஞ்சினுக்குள் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுகிறார்கள். பிறகு டேஷ்போர்டில் மஞ்சள் லைட் எரிகிறது என்று வேங்கிக்காலில் என் மெக்கானிக் கடை வாசலில் வந்து நிற்கிறார்கள். இன்று மட்டும் ஏழு வண்டி. ஸ்கேனரைச் செருகு, கோளாறைக் காட்டும் எரர் கோடைப் பார், கனெக்டரைக் கழற்றிக் காற்றடித்துக் காயவை, கோடை அழி. தூக்கத்தில்கூடச் செய்வேன்.

ஏழாவது, அடி அண்ணாமலை ஊர்க்காரர் மூர்த்தி அண்ணனின் பழைய பிக்கப். ஓட்டி வந்தவன் அவர் தம்பி பாலாஜி. வந்தது கிராங்க் சென்சார் கோடு. எஞ்சின் சுற்றுகிறது என்று சொல்ல வேண்டியது அந்த சென்சார்தான். அது சொல்லாவிட்டால் எஞ்சின் நின்றுவிடும். "தண்ணிதான், வேற ஒண்ணுமில்ல" என்று அழித்து அனுப்பினேன்.

அக்டோபர் 23, வியாழன்

பிக்கப் திரும்ப வந்தது. இந்தத் தடவை கிராங்க், அதற்குத் துணையாக எஞ்சின் சுற்றைப் பார்க்கும் கேம் என்று இரண்டு சென்சார் கோடும் சேர்ந்து. நான்கு நாளாக மழை, ஈரம் இறங்கியிருக்கும். எதற்கும் கிராங்க் சென்சாரை மாற்றிவிடலாம் என்று ஸ்கேனர் திரையைப் போட்டோ எடுத்து ஸ்பேர்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

பாலாஜி சொன்னான்: "அக்கா, நேத்து ஓட்டிகினு வரசொல்லவே எஞ்சின் ஒரு செகண்ட் ஆஃப் ஆயி திரும்ப ஆன் ஆச்சு."

இன்னும் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் வாசலில் இன்னும் நான்கு வண்டி. கோடை அழித்தேன்.

அக்டோபர் 30, வியாழன்

புது சென்சார் மாட்டியாயிற்று. லைட் எரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூர்த்தி அண்ணன் குடும்பத்தோடு, பின்னால் பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலைக்கு, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போகிறாராம்.

"மல ஏறுமாம்மா?"

"தாராளமா போய்ட்டு வாங்கண்ணா."

ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடேற்றிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

நவம்பர் 1, சனி

மனசே சரியில்லை. எதை விட்டேன்?

நவம்பர் 2, ஞாயிறு

காலையில் சட்னி தாளிக்கும்போது உறைத்தது. இரண்டு சென்சார் எப்படி ஒரே நேரத்தில் கெடும்? கெடாது. இரண்டுக்கும் பொதுவாகப் போகிற ஒயர்தான் எங்கோ உரசித் தேய்ந்திருக்கிறது. வண்டி சூடாகி அதிரும்போது விட்டு விட்டுத் தொடுகிறது. படித்த காலத்தில் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம். பூஜைத் தண்ணி, மழைத் தண்ணி — புத்தி எங்க போச்சு எனக்கு?

மூர்த்தி அண்ணனுக்கு எட்டு தடவை போன் அடித்தேன். மலையில் டவர் கிடையாது. பாலாஜி எண்ணும் அப்படித்தான். இறக்கத்தில் எஞ்சின் நின்றால் பிரேக் கல்லாட்டம் இறுகும், ஸ்டியரிங் திரும்பாது. பின்னால் பதினான்கு பேர்.

மணி மூன்று. இன்னும் எடுக்கவில்லை.

நவம்பர் 3, திங்கள்

மலையிலிருந்து இறங்கும்போது, மூன்றாவது வளைவில் வண்டி கவிழ்ந்துவிட்டது; ஓட்டியது பாலாஜி. மூர்த்தி அண்ணனின் மனைவி உண்ணாமலை அக்கா போய்விட்டார். பாலாஜிக்கு இடுப்பெலும்பு முறிவு. மற்றவர்களுக்குக் கை, காலில் அடி.

நவம்பர் 7, வெள்ளி

துக்கம் கேட்கப் போனேன். வந்தவர்கள் எல்லோரும் பாலாஜியைத்தான் குறை சொல்கிறார்கள். டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை ஆஃப் செய்துவிட்டு வண்டியை உருள விடுவது அவன் வழக்கமாம், ஊருக்கே தெரியுமாம். "தானா நின்னுச்சு"னு அவன் சொன்னதைப் போலீஸும் நம்பவில்லை. கேஸ் அவன்மேல். மூர்த்தி அண்ணன் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "எனக்குத் தம்பியே கெடையாது."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். பயம். வேறென்ன?

வீட்டுக்கு வந்து கணவர் மணிவேலிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "உன்ன எவன் கேட்டான்? வண்டி நசுங்கிப்போச்சு, அதுல ஒரு ஆதாரமும் மிச்சமில்ல. அந்த ஸ்கேனர் போட்டோவ மொதல்ல அழி" என்றார்.

நவம்பர் 9, ஞாயிறு

அழிக்கவில்லை. யாரிடமும் காட்டவும் இல்லை.

நவம்பர் 13, வியாழன்

காலையில் அடி அண்ணாமலைக்குப் போனேன். மூர்த்தி அண்ணனிடம் போட்டோவைக் காட்டினேன். தண்ணீர் என்று நினைத்தது, இரண்டு தடவை அழித்தது, ஒயரைத் தேடாமல் விட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். போனைக் கையில் வாங்கித் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அப்ப அவன் சாவியத் திருப்பலையா?"

"இல்லைங்கண்ணா. தானாத்தான் நின்னிருக்கும்."

அடிப்பார் என்று நினைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, இத அவங்கிட்ட நீயே சொல்லு" என்றார். என்னை ஆட்டோவில் ஏற்றினார். பதினோரு நாளில் தம்பியைப் பார்க்க அவர் ஆஸ்பத்திரிக்குப் போவது இதுதான் முதல் தடவை.

பாலாஜி முழுக்கக் கேட்டான். பிறகு மெதுவாக, "எல்லாரும் சொல்லிச் சொல்லி, நாந்தான் ஆஃப் பண்ணிட்டேன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிடுச்சுக்கா" என்றான்.

மூர்த்தி அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டார். இருவரும் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வெளியே வந்து, போலீஸ் ஸ்டேஷனுக்கு எந்த பஸ் என்று விசாரித்தேன்.