விதானக் கம்பும் என் பேரன் பனாகிஸும்

ஆகஸ்ட் 10, 1798
களத்தில் திராட்சை நன்றாகக் காய்கிறது. மழை வராமல் இருக்க வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் போன வருஷம் வந்து, நம் கெஃபலோனியாவையும் சேர்த்து ‘இத்தாக்கா மாவட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். பெரிய தீவு நாம். பெயர் மட்டும் பக்கத்திலிருக்கும் அந்தப் பொடித் தீவு இத்தாக்காவுக்கா? ஆனாலும் திட்ட மனம் வரவில்லை. இனி பிரபு, குடியானவன் எல்லாரும் சமமாம். கெராசிமோஸ் புனிதரின் திருவுடலை ஊர்வலம் எடுக்கையில் மேலே பிடிக்கும் விதானத்தை இதுவரை பிரபுக்கள்தான் தொட்டார்கள். இந்தத் திருவிழாவுக்கு ஒரு கம்பு என் பேரனுக்கு!

ஆகஸ்ட் 16
பிடித்தான். முன்வரிசையில், நிமிர்ந்து.

“ஏ கிழவி, கண்ணு பட்டுடும், பல்லை மூடு” என்றாள் பக்கத்து வீட்டு ருஃபீனா. பல் இருந்தால்தானே மூட!

நாங்கள் குத்தகைக்கு எடுத்த தோட்டத்தின் சொந்தக்காரர், பிரபு சினியோர் நிக்கோலெட்டோ மட்டும் புனிதரைப் பார்க்கவில்லை. பனாகிஸின் கையையே பார்த்தார்.

அக்டோபர் 15
ருஷ்யக் கப்பல்களும் துருக்கிக் கப்பல்களும் பக்கத்துத் தீவைப் பிடித்துவிட்டனவாம்.

அக்டோபர் 18
இங்கேயும் முடிந்தது. பிரெஞ்சுக்காரர்கள் பிடிபட்டார்கள். பிரபுக்கள் பழையபடி.

சினியோரின் ஆள் வந்தான். நாளை மறுநாள், புனிதரின் இரண்டாவது திருவிழாவில், கோயில் வாசலில், விதானக் கம்பைத் தொட்டதற்கு மன்னிப்பாக, ஊர் பார்க்கப் பனாகிஸ் மண்டியிட்டு அவர் கையை முத்தமிட வேண்டும். இல்லையென்றால் தோட்டம் போய்விடும்.

“செத்தாலும் மாட்டேன் பாட்டி” என்றான் பனாகிஸ்.

“சாகறதுக்காடா உன்னை வளர்த்தேன்?” என்று கத்தினேன். அவன் மண்டியிடுவதை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருப்பேனா? தோட்டம் போனால் எதைத் தின்பது? ஒன்றும் ஓடவில்லை.

அக்டோபர் 20
வழக்கம்போல நோயாளிகள் பாதையில் வரிசையாகப் படுத்தார்கள், திருவுடல் தங்களைத் தாண்டிப் போனால் நோவு தீரும் என்று. கடைசியில் போய்ப் படுத்தது யார்? என் பனாகிஸ்!

விதானக் கம்போடு வந்த சினியோர் பல்லைக் கடித்தார். “எந்திரிடா! உனக்கென்ன நோவு?”

“முழங்கால் மடங்க மாட்டேங்குது சினியோர்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். புனிதரின் பாதையில் படுத்தவனை எழுப்பக் கூடாது. பின்னால் கூட்டம் நெருக்கியது; மணி நிற்கவில்லை. விதானம் அவனுக்கு மேலே போனது. திருவுடலும் போனது.

கோயில் வாசலில் சினியோர் பனாகிஸிடம் கையை நீட்டினார். ருஃபீனா ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்: “புனிதரே தாண்டிட்டாரு. இனி மனுஷங்க என்னத்த மன்னிக்கறது?”

சாமியார் சிலுவைக் குறி போட்டார். எல்லாரும் போட்டார்கள். சினியோரும் போட்டுத்தானே ஆக வேண்டும்! நீட்டின கை நெற்றிக்குப் போனது.

நவம்பர் 2
சினியோரின் ஆள் வேலி வரைக்கும் வந்தான். உள்ளே வரவில்லை.

“தோட்டத்துல இந்த வருஷம் திராட்சைக் கொடி வெட்டுற கவாத்தைச் சீக்கிரம் ஆரம்பிக்கச் சொன்னாரு.”

அவ்வளவுதான் சொன்னான். பனாகிஸ் கவாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறான்.