கரண்டியின் முதுகில் தண்ணீர் விடும் இடம்

காலையில் கரண்டி கழுவிக்கொண்டிருந்தேன். குழாய்த் தண்ணீர் அதன் முதுகில் ஒட்டி, வளைந்து இறங்கியது. கொஞ்சம் சாய்த்தேன். பிய்த்துக்கொண்டு நேராக விழுந்தது. நீ இறந்துபோய் ஒரு வருடம் ஆகிறது. என் நினைவில் இன்னும் நம் ஆபீஸ் கேன்டீன் குழாயடியில்தான் நிற்கிறாய், கையில் கரண்டியோடு.

"இங்க ஒட்டிக்கினு வருது. இங்க உட்டுடுது. எங்க உடுதுன்னு உன் கணக்கு சொல்லுதா மாமே?"

கணக்கு சொல்லவில்லை. விமான இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கி இறங்கும் பலகையான ஃபிளாப்பின் மேல் இன்ஜின் காற்றை ஊதினால், காற்று ஒட்டி வளையும். விமானம் மெதுவாகப் பறந்தாலும் விழாது. அந்தத் தூக்குவிசையைத் தாளிலேயே கணிப்பதுதான் நம் இருவர் வேலையாக இருந்தது. ஊதும் காற்றுக்குத் தடிமன் இல்லை, உராய்வு இல்லை, அது பிரியவே பிரியாது என்று வைத்துக்கொள்வோம். இவ்வளவு நல்ல காற்று பூந்தமல்லி சாலையில் கிடையாது.

ஃபிளாப்பைச் செங்குத்தாக இறக்கியதும் வரைபடத்தில் சோதனைப் புள்ளிகள் என் கணக்குக் கோட்டுக்குக் கீழே போய்விட்டன. மறுநாள் கூட்டம். என் கணக்கை ஒன்றுக்குக் குறைந்த ஒரு சின்ன எண்ணால் பெருக்கினேன். கோடு இறங்கிப் புள்ளிகளின் மேல் உட்கார்ந்தது. அறிக்கையில் அதற்கு 'அனுபவத் திருத்தம்' என்று பெயர் வைத்தேன். அந்த அனுபவத்துக்கு வயது ஒரு மதியம்.

"இன்னா மாமே, கோட்ட இஸ்து குந்த வச்சிட்டியா? வேற இறக்கைக்கு நிக்குமா இது?"

"நாளைக்கு மீட்டிங்டா."

"அப்போ தெரியலன்னு எழுது. தெரியலன்னா சோறு போட மாட்டானா?"

நீ கையெழுத்துப் போடவில்லை. நான் போட்டேன். எனக்குப் பதவி உயர்வு வந்தது. உனக்கு இருக்கை மாறியது, கழிப்பறைக்குப் பக்கத்தில். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நீயும் எதிர்பார்க்கவில்லை. டீ மட்டும் சேர்ந்தே குடித்தோம்.

நேற்று, நம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த மதுரைப் பெண் போன் செய்தாள். "சார், உங்க திருத்தத்த இப்ப புது இறக்கைக்கும் போடச் சொல்றாங்க. அது எங்கருந்து வந்துச்சு சார்?" நாளை சொல்கிறேன் என்றேன். ஓய்வு பெற்றவனுக்கு நாளைக்கு என்ன வேலை?

கரண்டியைத் துடைத்து வைத்துவிட்டு அவளுக்கு எழுதி அனுப்பினேன்: 'அது எங்கிருந்தும் வரவில்லை, நான் போட்டது. காற்று எங்கே பிரியும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. புது இறக்கைக்குப் போடாதீர்கள்.' அவள் நன்றி சொல்லி, அந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். என் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் உன் பெயர், அதன்மேல் வெற்றிடம்.

அறிக்கையின் அறுபது பக்கத்தில் சரியாக இருந்தது அந்த இடம் ஒன்றுதான்.