வெறுமையாகிப் போன கட்டம்

17.5.1988, செவ்வாய்

கிளினிக் கம்ப்யூட்டரில் தொலைபேசி எண்ணுக்குப் புதுக் கட்டம் சேர்க்க, நகல்கூட எடுக்காமல் நோயாளிகள் பதிவின் அமைப்பை மாற்றினேன். கிளினிக் மூடிய பிறகு செய்திருக்கலாம். 'ஒத்துக்கொள்ளாத மருந்து' என்ற கட்டம் எல்லோருக்கும் வெறுமையாகிவிட்டதை நான் கவனிக்கவில்லை.

தஞ்சோங் டாவாயிலிருந்து வந்த சவரியம்மாவுக்கு டாக்டர் பென்சிலின் எழுதிவிட்டார். நர்ஸ் மேரி அக்காதான் பழைய காகித அட்டையில் அது அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்றிருந்ததைப் பார்த்து ஊசியை நிறுத்தினார்.

"என்னாச்சு விமலா?" என்று டாக்டர் கேட்டார்.

"கம்ப்யூட்டர் ரோசாக் ஆயிருச்சு டாக்டர்," என்றேன். பழுது என்று நம்பிவிட்டார்.

சாயங்காலம் மேரி அக்கா அட்டைகளைத் தூக்கிவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் படிக்கிறேன், நீ டைப் அடிலா."

முடியும்வரை படித்தார். என் தவறை அவரிடம்கூட நான் சொல்லவில்லை. கிளம்பும்போது மெதுவாகச் சொன்னார்: "நாளைக்கு டாக்டர்கிட்ட நீயே சொல்லிரு."